பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் பொறுப்பில்லையா?

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் ஓய்வூதியர் ஒருவர் வாழ்நாள் சேமிப்பை இழந்தார் என்று செய்தி வந்தால், “படித்தவர் இப்படியா ஏமாறுவார்?” என்ற பேச்சுதான் முதலில் கிளம்புகிறது. அது அநியாயமான பேச்சு. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருக்கிறது என்று மோசடிக்காரர்கள் தொடங்குகிறார்கள். அடுத்து, காவல் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வருகிறார். போலி நீதிமன்ற உத்தரவைக் காட்டுகிறார். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டாரிடம் மூச்சுவிடக் கூடாது என்று நாள்கணக்கில்கூட மிரட்டல் நீள்கிறது. ஆதார் எண்ணையும் முகவரியையும் சரியாகச் சொல்பவரை எப்படிச் சந்தேகிப்பது? வீடியோவில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அது தெரியாமலோ, தெரிந்தும் பயத்தில் நிதானமிழந்தோ, மிரட்டப்பட்டவர் வைப்புத்தொகையை முறித்து அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்.

இதைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ உரையில் எச்சரித்தார். ஆனாலும், இணையவழி நிதி மோசடிகளில் 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாயை இழந்த மக்கள், 2024-இல் 22,845 கோடியை இழந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. விழிப்புணர்வு வேண்டும்தான், அது மட்டும் போதாது. போகும் பணம் காற்றில் கரைவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டவர்களிடம் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் விழுந்து, நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறுகிறது. சில ஆயிரங்களே புழங்கிய கணக்கில் திடீரென லட்சங்கள் விழுந்து உடனே துடைக்கப்படுவது முதலில் யார் கண்ணில் பட வேண்டும்? அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியின் கண்ணில்தானே! வாடிக்கையாளர் அறியாமல் மூன்றாம் நபர் பணத்தை எடுத்து, அதை மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் இழப்பு அவருடையதல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. மிரட்டலுக்குப் பயந்து அவரே அனுப்பிய பணத்துக்கு அந்த விதியில் பாதுகாப்பில்லை. மோசடிக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

பிரிட்டன் இந்த இடைவெளியை அடைக்க முன்வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும், அதை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. இப்படிச் செய்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்கிறார்கள் சிலர். அப்பட்டமான அலட்சியத்தை அந்த விதியே விலக்கிவைக்கிறது. தவிர, மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை அலட்சியமாக அனுப்புபவர் யார்? பெரிய தொகையை வங்கி சில மணி நேரம் நிறுத்திவைத்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்கிறோம். அப்படிச் செய்தால் வணிகம் தேங்கும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் முதன்முறையாக ஒரு கணக்குக்குப் போகும் பெருந்தொகைக்கு மட்டும் அதைக் கேட்கிறோம். யுபிஐயில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்தான் வரம்பு. அதனால் நாட்டில் எந்த வணிகமும் நின்றுவிடவில்லை. வாடகைக் கணக்குகளில் வங்கி அலுவலர்களின் பங்கையும் விசாரிக்க சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் அனுமதி அளித்தது. ஆனால் குற்ற விசாரணை, இழந்தவரின் கைக்குப் பணத்தைக் கொண்டுவராது. பணத்தைப் பெற்ற வங்கியையும் இழப்பில் பங்கேற்க வைக்கும் விதியை ரிசர்வ் வங்கி தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். அதுவரை, இப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தயங்காமல் அந்த நிமிடமே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.