தாத்தா கடைக்குப் போவார்

'30 நாளில் இத்தாலியன்! வினைச்சொல் அட்டவணை இல்லை, மனப்பாடம் இல்லை, கண்ணீர் இல்லை.' திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். அனுப்பியவர் எதிர்வீட்டுக்காரர். தண்ணீர் மோட்டார் தகராறில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாரே, அவரேதான். கீழே சொந்தமாக ஒரு வரி வேறு: "ரெண்டு வருஷமா நீங்க என்னதான் சார் பண்றீங்க?"

ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாம் வாரம் உலகெங்கும் இத்தாலிய மொழி வாரம் கொண்டாடுகிறார்கள். 2001இல் தொடங்கியது. இத்தாலிய வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து இதை ஆரம்பித்தது ஃப்ளோரன்ஸில் இருக்கும் அக்காதெமியா தெல்லா க்ரூஸ்கா. 1583இல் பிறந்த மொழிச் சங்கம் அது. க்ரூஸ்கா என்றால் தவிடு. மொழியில் மாவையும் தவிட்டையும் பிரிப்பது தங்கள் வேலை என்று மாவு சலிக்கும் பெட்டியையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். இந்த வாரப் பத்தியை அவர்களைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். விளம்பரம் வந்து கெடுத்தது.

'கண்ணீர் இல்லை' என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இத்தாலிய வினைச்சொல்லுக்கு 7 மோதோ. மோதோ என்றால் பேசுகிறவர் எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது: நடந்ததைச் சொல்கிறாரா, நடந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறாரா, நடந்தால் தேவலை என்கிறாரா, நட என்று அதட்டுகிறாரா. ஏழையும் பிரித்தால் 21 தெம்போ. தெம்போ என்ற சொல்லுக்கு வினையின் காலம், கடிகாரத்தின் நேரம், வானிலை என்று மூன்று பொருள். மழைக்காலம், இறந்தகாலம் என்று பேசுகிற நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆறு இடங்களுக்கும் திரித்துப் பார்த்தால் ஒரு வினைக்குக் கிட்டத்தட்ட 90 வடிவம் வரும். இதற்கு மேல் முரட்டு வினைகள். 'போ' என்பதற்கான அந்தாரேயை எடுத்துக்கொள்ளுங்கள்: நான் போகிறேன் என்றால் வாதோ, நாம் போகிறோம் என்றால் அந்தியாமோ. இரண்டு வேறு வினைகள் எப்போதோ ஒரே வீட்டில் குடியேறி, இன்னும் தனித்தனி அடுப்பில் சமைக்கின்றன.

கொன்ஜுன்தீவோ என்ற சந்தேக மோதோவில் இத்தாலியர்களே வழுக்குவார்கள். பாவ்லோ வில்லாஜ்ஜோ நடித்து 1975இல் வந்த 'ஃபன்தோத்ஸி' படத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் பனிமூட்டத்தில் டென்னிஸ் ஆடும் காட்சி ஒன்று உண்டு. மரியாதைச் சொல்லோடு தப்பான வினையைப் போட்டு ஒருவர் பேச, என்னை ஒருமையில் பேசுகிறீரா என்று மற்றவர் திகைக்க, அது கொன்ஜுன்தீவோவாக்கும் என்று தெளிந்துகொள்கிறார்கள். 'வந்துட்டீங்களாடா' என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு அதை இலக்கணம் என்று சாதிப்பதுபோல.

இறந்தகாலத்திலும் தகராறு. பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ என்பது கிட்டத்தில் நடந்தது, ரெமோத்தோ என்பது எட்டத்தில் முடிந்துபோனது என்று புத்தகம் சொல்லும். ஆனால் வடக்கில் நூறு வருஷத்துக்கு முன் நடந்ததையும் ப்ரொஸ்ஸிமோவில் பேசுகிறார்கள். சிசிலியில் இன்று காலை நடந்ததுகூட ரெமோத்தோவில் வந்து விழும். கணினி வழியாக எனக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை போலோன்யாக்காரர். அவர் வாயில் ரெமோத்தோ வந்து நான் கேட்டதே இல்லை. கதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

இந்த 21இல் எனக்குப் பிரியமானது ஒன்றே ஒன்று. இம்பெர்ஃபெத்தோ. 'முடிவு பெறாதது' என்று பொருள். கடந்த காலத்தில் அடிக்கடி நடந்தது, நடந்துகொண்டே இருந்தது, எப்போது நின்றது என்று யாரும் கவனிக்காதது, எல்லாவற்றுக்கும் இதுதான். சாதுவும்கூட. பார்லாவோ, பார்லாவி, பார்லாவா என்று ஒரே தாளத்தில் போகும். இந்த முதல் 'வோ'வுக்குப் பின்னால் ஒரு நாவலாசிரியர் நிற்கிறார். முன்பு எழுத்து மொழியில் 'நான்' என்பதற்கும் 'அவன்' என்பதற்கும் ஒரே 'வா'தான். 1827இல் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' நாவலை வெளியிட்ட அலெஸ்ஸான்த்ரோ மன்ஸோனி, தன் மொழி சரியில்லை என்று ஃப்ளோரன்ஸ் போனார். அதைத் துணிகளை ஆர்னோ ஆற்றில் அலசுவது என்று சொல்லிக்கொண்டார். அலசிய துணி 1840இல் திருத்திய பதிப்பாக வரத் தொடங்கியது. அதில் தெருவில் பேசுகிறபடியே 'நான்' என்றால் 'வோ'. நாடே அதைப் பிடித்துக்கொண்டது.

காபிக் கடையில் "வொலேவோ உன் கஃப்பே" என்பார்கள். எனக்கு ஒரு காபி வேண்டியிருந்தது. இப்போது வேண்டும் என்று நேராகச் சொன்னால் அதட்டல் மாதிரி இருக்கும் என்று ஆசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைக்கிற நாகரிகம். "வேண்டியிருந்ததா? இப்போ வேண்டாமா?" என்று குறும்புக்காரக் கடைக்காரர்கள் கேட்பது அந்த ஊரின் பழைய நகைச்சுவை. கனவைச் சொல்வதும் இம்பெர்ஃபெத்தோவில்தான். குழந்தைகள் விளையாட்டைப் பிரித்துக்கொள்வதும் அதில்தான்: நான் ராஜாவாக இருந்தேன், நீ குதிரையாக இருந்தாய், சரியா? இனிமேல் தொடங்கப்போகும் ஆட்டத்துக்கு இறந்தகாலம்! நம் பிள்ளைகள் இதற்கு 'ஆம்' போடுவார்கள். நான் டீச்சராம், நீ லேட்டா வந்தியாம்.

எங்கே வந்து நிற்கப்போகிறேன் என்று வழக்கமான வாசகர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், மறுபடியும் இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க். போன தடவை எழுதியபோது, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று ஒரு வாசகி அஞ்சலட்டை போட்டிருந்தார். கிடைக்கவில்லை அம்மா.

1963இல் வந்து, அதே ஆண்டு ஸ்த்ரேகா பரிசு வாங்கிய அவருடைய 'லெஸ்ஸிக்கோ ஃபமில்யாரே' இம்பெர்ஃபெத்தோவின் மாளிகை. தலைப்புக்கு வீட்டுச் சொல்லகராதி என்று பொருள் சொல்லலாம். அப்பா ஜுசெப்பே லேவி டூரினில் உடற்கூறியல் பேராசிரியர். அவரிடம் படித்தவர்களில் மூன்று பேர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்கள்: லூரியா, துல்பெக்கோ, ரீத்தா லேவி-மொன்தால்சினி. மகளின் புத்தகத்துக்கு இதெல்லாம் முக்கியமில்லை. அப்பா சாப்பாட்டு மேஜையில் எதற்கெல்லாம் கத்துவார், யாரை எந்தச் சொல்லால் திட்டுவார், குடும்பத்தையே மலையேற எப்படி இழுத்துக்கொண்டு போவார், இவைதான் புத்தகம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும் அவருடைய முதல் கவலை தயிர். சார்தீனிய இடையர்களிடம் கற்றுக்கொண்டு அவரே உறை குத்தும் தயிர். சரியாகத் தோய்ந்ததா என்று போய்ப் பார்ப்பார். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் காலையில் முதலில் திறக்கப்படுவது தயிர்ப் பாத்திரத்தின் மூடிதான்.

அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்க்க ஒரு நாள் உட்கார்ந்தேன். 'நான்கு மணிக்கு எழுந்தார். தயிரைப் பார்த்தார்.' செத்துவிட்டது. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் எழுந்தவர்போல ஆகிவிட்டார். 'எழுந்துகொண்டிருந்தார்' என்றால் எழுந்து முடிக்கவேயில்லை. கடைசியில் 'எழுந்திருப்பார், போய்ப் பார்ப்பார்' என்று எழுதினேன். மனிதர் சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். என்றோ முடிந்த வழக்கத்துக்கு நாம் எதிர்காலத்தைக் கடன் வாங்குகிறோம். மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்று பழைய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்களே, எக்காலத்துக்கும் உரியதைச் சொல்ல, அதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற வடிவம்.

எனக்கு இது புதிய கண்டுபிடிப்பாக இருந்திருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பில் 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'தாத்தா தினமும் காலையில் கடைக்குப் போவார். எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கி வருவார்' என்று எழுதினேன். தாத்தா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அது தமிழய்யாவுக்குத் தெரியும். 'போவார்' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் 'இறந்தவர் எப்படிப் போவார்? இறந்தகாலத்தில் எழுதுக' என்று குறித்திருந்தார். போனார், வாங்கி வந்தார் என்று திருத்தி எழுதிக் காட்டினேன். பத்துக்கு எட்டு கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிவப்புச் சுழிப்போடு எனக்குச் சண்டை தீரவில்லை. இத்தாலியன் படிப்பதே அதற்காகத்தானோ என்று வீட்டில் ஒருவருக்குச் சந்தேகம்.

கின்ஸ்பர்க் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று இருக்கிறது. 'அப்ரூட்ஸோவில் குளிர்காலம்', 1944இல் எழுதியது. எய்னாவ்தி பதிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவருடைய கணவர் லெயோனேயை முசோலினி அரசு பிட்ஸோலி என்ற மலைக் கிராமத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. மனைவியும் குழந்தைகளும் பின்னால் போனார்கள். பனி, கணப்பு, கணவர் எழுதிக்கொண்டிருக்கும் மேஜை, கைபிடித்து நடக்கும் குழந்தைகள், அக்கம்பக்கத்தாரின் பேச்சு. அந்த வாழ்க்கை பெரும்பாலும் இம்பெர்ஃபெத்தோவில் வருகிறது. நடப்போம், கேட்பார்கள், ஏங்குவோம். ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் அலுப்புக்கூட அந்தக் காலத்தில் முடிவில்லாமல் நீள்கிறது. 1943இல் முசோலினி வீழ்ந்ததும் லெயோனே ரோம் போனார். ரகசியமாகப் பத்திரிகை அச்சடித்த இடத்தில் பிடிபட்டார். 1944 பிப்ரவரியில் ரெஜீனா சேலி சிறையில் சித்திரவதைக்குப் பிறகு இறந்தார். கட்டுரையில் பிடிபட்டதும் சித்திரவதையும் கிடையாது. கடைசிக்குச் சற்று முன்னால் அவர் சிறையில் இறந்தது ஒரே வாக்கியமாக வருகிறது. அதன் வினை ரெமோத்தோ. மொரீ. இறந்தார். அதுவரை 'போவார், வருவார்' என்று நடமாடிய வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிறது.  21 காலங்களில் சரியானதை எடுத்து வைத்திருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத முடியுமா? கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். மோட்டார் விஷயத்தில் ஏற்கெனவே சமாதானமாகப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இந்த வார வீட்டுப்பாடம்: தாத்தாவைப் பற்றிப் பத்து வாக்கியம். ஒன்பது இம்பெர்ஃபெத்தோவில், கடைசி ஒன்று மட்டும் ரெமோத்தோவில். போலோன்யா ஆசிரியைக்கு என் ஏழாம் வகுப்பு பற்றித் தெரியாது, தற்செயல்தான். ஒன்பதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கடலை மிட்டாய்க்கு இத்தாலியனில் க்ரொக்காந்தே என்று வைத்துக்கொண்டேன். பத்தாவது வாக்கியத்துக்கான வினை நிகழ்காலத்தில் முரடு, ரெமோத்தோவில் சாது. அட்டவணையைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு. இன்று புதன். நோட்டில் ஒன்பதுதான் இருக்கிறது.