ஜெபத்தைக் குத்தகைக்கு விட்ட சபைகள்

மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது ஒரு சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள் நண்பர்களே. கம்பத்துக்குக் கம்பம் ஃப்ளெக்ஸ் போர்டு. முழு இரவு ஜெபம், உபவாச ஜெபம், எழுப்புதல் பெருவிழா... கோட்டும் டையும் அணிந்த ஒரு சகோதரர் ஒரு கையில் மைக்கும் மறு கையை வானத்துக்கும் கொடுத்து நிற்பார். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஜெபத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம்.

பஞ்சம்தான்!

அதே வாரம் புதன்கிழமை சாயங்காலம் உள்ளூர் ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். ஒரே ஒரு ட்யூப் லைட். முன் பெஞ்சில் நாலைந்து வயதான அம்மாமார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்க்கும் சபை ஊழியர். பெருவிழாவுக்கு வேன் பிடித்துப் போன முந்நூறு பேர் சொந்த சபையின் ஜெபக் கூட்டத்துக்கு நடந்து வர முடியாது. (ஜெபம் என்பது சீர்திருத்தச் சபைகளின் எழுத்து, செபம் என்பது கத்தோலிக்கர் எழுத்து. எழுத்தில்தான் வித்தியாசம், வறட்சி இரண்டு பக்கமும் ஒன்றுதான்.)

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாழ்கிறதா? வியாதியஸ்தர், விதவைகள், திக்கற்றோர், நாட்டை ஆளுவோர் என்று ஆயர் ஒரு பட்டியலை வாசிப்பது போல ஜெபிக்கிறார். சபை ஆமென் சொல்கிறது. மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பெண்ணின் கணவருக்கு வளைகுடாவில் வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. நகை அடகில் இருக்கிறது, குழுக் கடனுக்கு வாரா வாரம் ஆள் வந்து வாசலில் நிற்கிறான். பக்கத்தில் இருப்பவருக்கு அவள் கட்டியிருக்கும் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்பது தெரியும், இது தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள். சொன்னால் ஜெபமாகாது, செய்தியாகி ஊரைச் சுற்றும் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் ஏதாவது நடந்துவிட்டால், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அதே சபை அடக்க ஆராதனையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இதுதான் குற்றச்சாட்டு. ஜெபம் குறைந்துவிட்டது என்று பிரசங்கிமார் புலம்புவது வேறு விஷயம். அவர்கள் கேட்பது இன்னும் அதிக சத்தம், இன்னும் அதிக மணி நேரம். ஆனால் சபையில் தொலைந்து போனது சத்தமும் நேரமும் அல்ல, பெயர்கள். யாருக்காக என்று தெரியாமல் ஊரைப் பொதுவாக ஜெபிக்கிற சபை தன் வேலையை மேடைக்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டது. அவர் வந்து ஜெபிப்பார், இவர்கள் காணிக்கைக் கவர் போடுவார்கள். 2020-ல் ஊரடங்கால் ஆலயங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது எத்தனை வீட்டில் "இன்னைக்கு ஆராதனை பாத்தாச்சா?" என்ற கேள்வி கேட்டது! பார்த்தார்களாம். கிரிக்கெட் மாதிரி.

இந்த மண்ணின் சபைகள் இப்படித் தொடங்கவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். தஞ்சாவூரில் கிறிஸ்தவத்தை ஏற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806-ல்தான். அதற்குள் வேதமாணிக்கம் தன் சொந்தபந்தங்களில் சிலரைக் கூட்டி வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆலயமும் இல்லை, ஆயரும் இல்லை. 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு, பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்றே யாருக்கும் தெரியாது. மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும் வரை ஏறத்தாழ இரண்டு வருடம் மிஷனரியே கிடையாது. இன்று ஆயர் இரண்டு வாரம் லீவில் போனாலே கமிட்டிக்குள் அடிதடி நடக்கும் சபைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த இரண்டு வருடம் சபை கலைந்து போகவில்லை. கலையாததால்தான் 1819 ஜனவரி 1-ம் தேதி நாகர்கோவில் கஸ்பா சபை ஆலயத்துக்குக் கல் நாட்ட முடிந்தது.

பிடியரிசியையும் சொல்ல வேண்டும். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துச் சபைக்கென்று தனிப் பானையில் போட்டு வைக்கும் வழக்கம். தினமும் அடுப்பங்கரையில், யாரும் பார்க்காத நேரத்தில், பசித்த கை செய்த ஜெபம் அது. இன்றைக்கு அதே காணிக்கை உறுப்பினர் சந்தாவாக மாறி, பாக்கி வைத்தவர் பெயர் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படுகிறது. பெயர் ஞாபகம் வருவது அங்கே மட்டும்தான்!

"உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்றுதானே இயேசு சொன்னார், பிறகு எதற்குச் சபை ஜெபம்?" என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பதுண்டு. அதே அதிகாரத்தில் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். என், எனக்கு என்ற சொல் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் எங்கள், எங்களுக்கு. அறைக்குள் தனியாக நிற்பவனும் ஊரையே கூட்டிக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். கல்லூரி கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் வாதம் இது: ஜெபம் கையாலாகாதவனின் சாக்கு, போராட வேண்டிய இடத்தில் முழங்காலில் நிற்கச் சொல்லும் அபின். மேடைக்காரரின் ஜெபத்தைப் பற்றி என்றால் இந்த வாதம் முக்கால்வாசி சரி. பரீட்சைக்குப் படிக்காமல் பேனாவுக்கு எண்ணெய் தடவித் தரும் ஜெபத்துக்கு வேறு என்ன பெயர்? ஆனால் இந்த மாவட்டத்தின் சரித்திரம் இந்த வாதத்துக்கு அடங்குவதில்லை. தோள்சீலைப் போராட்டக் காலத்தில் ஜெப வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தார்கள். சாம்பலில் உட்கார்ந்து ஜெபித்த அதே மக்களுக்காகத்தான் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் மனுக்கள் போயின. 1859 ஜூலையில் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

அது பழைய கதை என்றால், ஒக்கி பழைய கதை அல்ல. 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி 30-ம் தேதி முழுவதும் அடித்த புயல். சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை, நீரோடி என்று அந்தக் கடற்கரை முழுவதும் ஆழ்கடலுக்குப் போன ஆண்களைக் காணவில்லை. அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, பங்குகள் வீடு வீடாகத் திரட்டிய எண்ணிக்கை வேறு. எந்தப் படகில் யார் போனார், எந்தத் தெரு, யாருடைய மகன் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆலயத்தில் ஜெபித்தவர்களேதான் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு கடலில் தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், பங்குத்தந்தையரும் கூடவே இருந்தார்கள். அபின் சாப்பிட்டவன் தண்டவாளத்தில் உட்கார மாட்டான்.

ஜெபம் புயலை நிறுத்தியதா என்று கேட்டால், இல்லை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. எருசலேமிலும் யாக்கோபு வாளால் வெட்டப்பட்ட பிறகுதான் பேதுருவுக்காகச் சபை ஒரு வீட்டில் கூடி ஜெபித்தது. பேதுரு தப்பி வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை. வேலைக்காரி ரோதையைப் பைத்தியம் என்றார்கள். விசுவாசம் அவ்வளவு குறைவாக இருந்தும் கூடினார்கள் என்பது அந்தக் கதையின் அழகு. வெட்டப்பட்ட யாக்கோபுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "பாவத்தின் தண்டனை" என்று பேசிய ஊழியக்காரர்கள் அந்த அதிகாரத்தைப் படித்ததே இல்லை போலிருக்கிறது.

கோட்டாறு மறைமாவட்டத்தின் அன்பியங்களிடம் சீர்திருத்தச் சபைகள் வெட்கப்படாமல் கற்றுக்கொள்ளலாம். முப்பது வீடு வாக்கில் ஒரு கூட்டம், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில். செபம் முடிந்ததும் யார் ஆஸ்பத்திரியில், எந்தப் பையன் படிப்பை நிறுத்தினான், தெருக் குழாயில் ஏன் தண்ணீர் இல்லை என்று பேச்சு போகும். எல்லா இடத்திலும் இது உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. பல இடங்களில் ஜெபமாலையோடும் சுக்குக் காப்பியோடும் முடிந்துவிடுகிறது. இருந்தாலும் முப்பது வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் தெரிந்துவிடும். ஆயிரம் குடும்பம் உள்ள சபையில் தெரியாது.

இதைச் சொன்னால் கமிட்டிக்காரர்கள் நேரமில்லை என்பார்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவன் எப்போது ஜெபக் கூட்டத்துக்கு வருவான் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சபைத் தேர்தல் வருடத்தில் அதே ரப்பர் வெட்டுகாரன் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் நாலு கார் வருகிறது. அவன் பெயர், அப்பன் பெயர், வீட்டில் எத்தனை வாக்கு, சந்தா பாக்கி எவ்வளவு என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்த வாக்காளர் பட்டியலையே புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு எடுத்து வந்து, வாரத்துக்குப் பத்து வீடாக வாசிக்கலாமே.