கொறங்காடு தரிசல்ல

பங்குனி வெயிலில் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வழியாகப் பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அது பொட்டல்தான். முள்கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், காய்ந்து மண்ணோடு ஒட்டிய புல். நிலத்தரகர் அதைச் சும்மா கிடக்கிற இடம் என்பார். விதைப்பும் அறுவடையும் கண்ணில் பட்டால்தான் பயிர் என்று எழுதிப் பழகிய கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் அது பெரும்பாலும் தரிசாகவே விழுகிறது. இந்தச் சொல்லை மாற்றாதவரை, காங்கேயம் காளையைக் காப்போம் என்று மேடையில் பேசுவது வீண்பேச்சே.

கொங்கு நாட்டில் காடு என்றால் வனமல்ல, மானாவாரி நிலம். அதில் மேய்ச்சலுக்கென்றே தலைமுறைகளாக வேலி கட்டிக் காத்துவரும் பட்டா நிலம் கொறங்காடு. மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த வட்டாரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிடைக்கிற ஐப்பசி மழையில் கொழுக்கட்டைப்புல் தூர்கட்டி எழும்பும். எழும்பியவுடன் ஆட்டை விட்டால் தூரே போய்விடும். அதனால் ஒரு காட்டை அடைத்துவைத்து இன்னொன்றில் மேய்ப்பார்கள். உயர்ந்த புல்லை மாடு கடித்த பிறகு அடிப்புல் செம்மறிக்கு. தை, மாசியில் புல் நின்றபடியே காய்ந்து தீவனமாகும். அதுவும் தீரும் சித்திரையில், யாரோ கணக்குப் போட்டு வைத்ததுபோல, வெள்வேலங்காய் உதிரத் தொடங்கும்; ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. மண்ணும் இளகும், தட்டுப்போருக்கும் ஆகும். வேலி கெட்டியாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு முதியவர்களே தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு மந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். இது வேளாண்மை இல்லையென்றால் வேறு எது?

காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று மாதங்கள் போகப்போக வெளுப்பதும், பொலிகாளையின் திமில் கறுப்பதும் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். மின்மோட்டார் வந்து கவலை இறைப்பு போயிற்று, டிராக்டர் வந்து ஏர் போயிற்று. காளைக்கு வேலை இல்லை. பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது என்பதால் பால் வியாபாரம் கலப்பினத்தின் பக்கம் சாய்ந்தது. ஆனால் கலப்பினத்துக்குப் பிண்ணாக்கும் பசுந்தீவனமும் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். கன்று விற்ற காசு, செம்மறிக்குட்டி விற்ற காசு, எரு என்று சிறுகச் சிறுகச் சேரும் வரவில்தான் கொறங்காட்டுக் குடும்பம் நிற்கிறது. தீவனச் செலவு ஏறினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

2017 சனவரியில் சல்லிக்கட்டுக் காளைக்காக மெரினாவே நிறைந்தது. சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. நல்லது. அந்தக் காளை மீதி நாட்களில் எதைத் தின்கிறது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இதற்கிடையில் காற்றாலை வந்தது, வீட்டுமனை வந்தது, இப்போது சூரியமின் தகடுகள். விற்கிற, குத்தகைக்கு விடுகிற உழவரை நாம் குறை சொல்ல மாட்டோம். மகனும் மகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில், மாதந்தோறும் தவறாமல் வரும் வாடகையை வேண்டாம் என்று சொல்ல மரபுப் பெருமை மட்டும் போதாது. சூரிய மின்சாரமும் தேவைதான். ஆனால் அதே திருப்பூரில் ஏக்கர் கணக்கில் ஆலைக் கூரைகள் வெயிலில் காயும்போது, நன்றாக மேயும் காட்டைச் சமன்படுத்தி மரத்தை வேரோடு பிடுங்குவது என்ன திட்டமிடல்? வெட்டிய வெள்வேலம் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

தெருநாய்த் தொல்லை வேறு. சாலையோரம் கொட்டும் இறைச்சிக் கழிவில் பெருகிய நாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு இந்தப் பகுதி உழவர்கள் மறியல் செய்த பிறகே இழப்பீடு பற்றிய பேச்சு எழுந்தது. கழிவைக் கொட்டுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்க உள்ளாட்சிகளுக்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை.

அரசு செய்ய வேண்டிய முதல் காரியம் செலவில்லாதது. அடங்கலில் கொறங்காட்டை மேய்ச்சல் பயிர் என்று தனியாகப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் வறட்சி நிவாரணமும் கூட்டுறவுக் கடனும் கேட்க உழவரிடம் ஒரு காகிதம் இருக்கும். கிளுவைப் போத்து நட்டு வேலியைப் புதுப்பிக்க மானியம் கேட்கலாம். நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பத்தில் 'தரிசு' என்று ஒரு வரியில் முடித்துவிடவும் முடியாது. அடங்கல் எழுதும் பசலி ஆண்டு சூலை 1இல் பிறக்கிறது. ஐப்பசி மழைக்கு அதிலிருந்து மூன்றரை மாதம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் காட்டுக்குள் இறங்கி நடந்து கணக்கெடுக்க அது போதுமான அவகாசம்.