கராஜிலும் ஒரு கல்வி உண்டு

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எமது பெற்றோரிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், விடை பெரும்பாலும் ஒரேவிதமாகவே அமையும். மூத்தவர் மருத்துவம், இளையவர் பொறியியல் என்று பெருமையுடன் சொல்வர். அந்த வரிசையில் இடம்பெறாத பிள்ளையைப் பற்றிய பேச்சு எழுந்தால், தேநீர் ஊற்றுவதற்காக எழுந்து போய்விடுவர். அவ்வாறு பேச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றியும், அவன் வீட்டிலேயே அழகுபடுத்திய ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியும் இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் யேர்மனியின் றூர் பிரதேசத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்ரர், ஒருக்கா வந்து இவனுக்குப் புத்தி சொல்லுங்கோ. படிப்பை விட்டிட்டு இரவு பகலா கராஜுக்குள்ளதான் கிடக்கிறான்" என்றார். குரல் தழுதழுத்தது. அவர் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய வேதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. புத்தி சொல்லும் நோக்குடனேயே நாமும் புறப்பட்டோம்.

கராஜின் நடுவே பழைய யப்பானியக் குரூசர் மோட்டார் சைக்கிள் ஒன்று கழற்றப்பட்ட நிலையில் நின்றது. தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹான்டில், கால்களை முன்னே நீட்டி அமரும் வசதி, நீண்ட உடல் ஆகியவையே குரூசர் வகையின் அடையாளங்கள். பெற்றோல் தாங்கி ஒருபுறம், மட்காட்டுகள் மறுபுறம். ஒவ்வொரு திருகாணியும் பெயர் எழுதிய சிறு பைகளில் வரிசையாக இருந்தது. வகுப்பறையில் அத்தனை ஒழுங்கை நாம் கண்டதில்லை.

"என்ன தம்பி செய்கிறாய்?" என்று கேட்டோம். "மாமா, கம்பெனி செய்தது எல்லாருக்கும் பொதுவானது. இதை என்ரையாக்கப் பார்க்கிறன்" என்றான்.

அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1903இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்காக அது பல்லாயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. 1945இல் போர் முடிந்தபின், ஊர் திரும்பிய இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பாரமான வண்டிகளைத் தம் வீட்டு முற்றங்களில் வைத்துத் திருத்தினர். முன் மட்காட்டைக் கழற்றினர். பின் மட்காட்டை வெட்டிக் குறுக்கினர். வேண்டாத பாரத்தையெல்லாம் நீக்கினர். போருக்கு முன்பே அரும்பியிருந்த இப்பழக்கம் அதன்பின் ஒரு கலையாகவே வளர்ந்தது. 1969இல் வெளிவந்த 'ஈசி ரைடர்' திரைப்படத்தின் புகழ்பெற்ற வண்டிகளை உருவாக்கியதில் பென் ஹார்டி, கிளிஃப் வோஸ் என்ற இரு கறுப்பினத்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. படம் உலகெங்கும் ஓடியது. அவர்களுடைய பெயர்களோ நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. கைகள் உழைக்க, பெயர் வேறெங்கோ போய்ச் சேரும் கதை எமக்கும் புதிதன்று.

1971இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனமே 'சூப்பர் கிளைட்' என்னும் வண்டியை வெளியிட்டது. சாதாரண மனிதர்கள் தம் கொட்டில்களில் செய்துவந்த மாற்றங்களைக் கண்டு, நிறுவன நிறுவுநர் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன் அதனை வடிவமைத்தார். அதாவது, தொழிற்சாலை கராஜிடம் பாடம் கற்றது. இதனை எம் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும்.

வண்டிக்குப் பூச்சுப் பூசுவது சிறுபிள்ளை விளையாட்டு என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவன் விளக்கியபோதுதான் அதன் பொறுமை புரிந்தது. தாங்கியிலுள்ள பெற்றோலை முற்றாக அகற்றி, ஆவியும் போகும்வரை திறந்த வெளியில் வைக்கவேண்டும். வெறுந்தாங்கியின் ஆவியே தீப்பற்றி வெடிக்கக்கூடியது. பழைய பூச்சை முரடான சாண்ட் பேப்பரிலிருந்து மென்மையானதுவரை படிப்படியாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கவேண்டும். முதற்பூச்சு, நிறப்பூச்சு, ஒளிரும் மேற்பூச்சு என்று மெல்லிய படைகளாக இட்டு, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டால் பூச்சு வழியும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். கடினமாகும் மேற்பூச்சில் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் இரசாயனம் உண்டு என்பதால், அதனை மட்டும் உரிய வசதியுள்ள பூச்சுக்கூடத்தில் கொடுத்துச் செய்வித்தான். எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்தறிவதும் கல்வியே.

சட்டத்தையும் அவன் கற்றிருந்தான். யேர்மனியில் நிறத்தை மாற்றுவதற்குத் தடையில்லை. ஆனால் ஹான்டிலை மாற்றினால், அப்பாகத்துக்குரிய சான்றிதழ் வேண்டும். தேவையெனில் 'ரூவ்' போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டி, வாகனப் பத்திரத்தில் பதியவேண்டும். உயரமான ஹான்டில் பொருத்தி, பிறேக் குழாயையும் வயர்களையும் நீட்டாமல் விட்டால், வளைவில் திருப்பும்போது அவை இழுபட்டு உயிருக்கே உலை வைக்கும். விளக்குகளில் உரிய ஒப்புதல் முத்திரை இருக்கவேண்டும். இவற்றை மீறினால் வண்டி வீதியில் ஓடும் அனுமதியையே இழக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்தோடும் சிக்கல் எழும். சைலன்சரைத் துளைத்து ஊரை எழுப்புவோரை நாம் ஆதரிக்கவில்லை. அயலவரின் உறக்கத்தைக் கெடுப்பது அழகும் அன்று, வீரமும் அன்று. கடன் வாங்கிப் பளபளக்கும் பாகங்களைப் பூட்டுவதையும் நாம் கண்டிக்கின்றோம். இவனோ பகுதிநேர வேலையில் உழைத்த பணத்தைக் கணக்கெழுதிச் செலவிட்டிருந்தான்.

இவ்விடத்தில் எமது பழைய தவறொன்றைச் சொல்லாதுவிட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. 1993ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் நாம் ஆசிரியராக இருந்த காலம். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடத்தில் பின்தங்கியவன். "நீ மெக்கானிக் வேலைக்குத்தான் சரி" என்று எல்லோர் முன்னிலையிலும் அவனை இகழ்ந்தோம். அதற்கடுத்த மாதம் வழியில் நின்றுபோன எமது மோட்டார் சைக்கிளை ஓடவைத்துத் தந்தவன் அவனே. காசு வாங்க மறுத்துவிட்டான். அதன்பின் அவன் பாடசாலைக்கு வரவில்லை. நன்றி சொன்னோமே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை அது எம்மை உறுத்துகின்றது.

கைத்தொழிலை இழிவாகக் கருதும் நோயை நாம் ஊரிலிருந்தே சுமந்து வந்தோம். அதன் வேர் எங்குள்ளது என்பதை வாசகர்கள் அறிவர். இன்னார் இன்ன தொழில் என்று வகுத்து, அதன்படி மனிதரை மேலும் கீழுமாக அடுக்கிய சமூகம் எமது. கடல் கடந்தும் அந்த அடுக்கைக் கைவிட்டோமில்லை. நாம் அடைக்கலம் புகுந்த நாட்டிலோ நிலைமை வேறு. அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சி இங்கு மதிப்புடையது. இருசக்கர வாகனத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு மூன்றரை ஆண்டுகள். வாகனப் பூச்சுக் கலைக்கு மூன்று ஆண்டுகள். அதற்குமேல் கற்று மைஸ்ரர் ஆகலாம். இந்நாட்டின் தகைமைச் சட்டகத்தில் மைஸ்ரர் தகைமையும் பல்கலைக்கழக இளமாணிப் பட்டமும் ஒரே 6ஆம் படியிலேயே உள்ளன. நண்பருக்கு இதனைச் சொன்னபோது அவர் நம்ப மறுத்தார். மகன்தான் கடதாசியை எடுத்துவந்து காட்டினான். அவன் படிப்பை விடவில்லை; பிடிக்காத படிப்பை விட்டுப் பிடித்த படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். தந்தையிடம் சொல்லத்தான் அஞ்சியிருந்தான்.

"பட்டம் இல்லாமல் நாளைக்கு என்ன செய்வான்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அகதியாய் வந்தவனுக்குப் பிள்ளையின் பட்டமே காணியும் வீடும். அந்த அச்சத்தை நாம் நகைக்கவில்லை. ஆயினும், அச்சத்தினால் தேர்ந்த படிப்பை விருப்பமின்றிக் கற்று, நடுவில் முறிந்து, வீட்டாரோடு பேச்சின்றி வாழும் இளையோரையும் நாம் கண்டிருக்கின்றோம். எது பெரிய இழப்பு?

அன்று மாலை தாங்கியைத் துணி நீக்கிக் காட்டினான். கரும்பச்சை நிறம், ஓரங்களில் மெல்லிய பொன்னிறக் கோடுகள். கோடுகளை இழுத்தவள் அவனுடைய தங்கை. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இது ஐயான்ரை ரலி சைக்கிளின்ரை நிறமெல்லோ" என்றார். சிறுவயதில் தந்தை சொன்ன கதையிலிருந்து அந்த நிறத்தை மகன் நினைவில் வைத்திருந்தான். பேரன் காணாத பாட்டனின் சைக்கிள், யேர்மனியக் கராஜொன்றில் மீண்டும் நிறம் பெற்றிருந்தது.

புத்தி சொல்லப் போன நாம், புத்தி பெற்றுத் திரும்பினோம். எமது தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களில் பேச்சுப் போட்டிக்கும் நடனத்துக்கும் மேடை தருகின்றோம். ஒரு மூலையில் ஒரு மேசையிட்டு, பிள்ளைகள் தம் கையால் செய்தவற்றையும் வைக்க இடம் தருவோம். பெற்றோரே, அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளை கராஜில் இருந்தால், கதவருகே நின்று ஏசாது உள்ளே போய், "இது என்ன?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.