கறுப்புக் கோடு போதும்

தீவுப்பகுதிச் சிறுவர் விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட வேண்டும் என்ற பேச்சு எம் உயர்தர வகுப்பில் சில மாதங்களாக நடக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்து உறவினரிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதிய குறிப்புகளால் மூன்று கொப்பிகள் நிரம்பிவிட்டன. எல்லாம் சேர்த்து 64 பக்கம் வரும். எந்த விளையாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்கூட எமக்குள் பெரிய பிணக்கு வரவில்லை. பிணக்கு வந்தது ஒரே ஒரு கேள்வியில்தான்: உள்பக்கங்கள் கலரிலா, கறுப்பு வெள்ளையிலா?

அட்டை கலரில் இருக்கட்டும், உள்ளே கறுப்பு மை மட்டும் போதும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பெற்றோரும் மாணவியரும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கலர் வேண்டும் என்போரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் சிறுவர் நூல்கள் கடைகளில் பளபளவென்று அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அருகே எமது நூல் மங்கலாகக் கிடந்தால் எந்தப் பிள்ளை அதை எடுக்கும் என்று ஒரு தோழி கேட்டாள். இன்னொருத்தி கேட்டது அதைவிடக் கூர்மையானது. "எல்லாருடைய ஊரும் கலரில வருது. எங்கட ஊர் மட்டும் ஏன் கறுப்பு வெள்ளையில வரவேணும்?" நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும் வெண்மணலையும் நினைத்தால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆயினும் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு நூல் எதற்காக? கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக் கடைசிப் பக்கம் வரை வாசிப்போம். விளையாட்டு நூலில் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓட வேண்டும். சந்தேகம் வந்தால் மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்து பார்க்க வேண்டும். ஆகவே ஒரு படத்தின் தரத்தை அதன் அழகால் அளக்கக் கூடாது. அதைப் பார்த்த பிள்ளைக்கு விளையாட வருகிறதா என்பதுதான் அளவுகோல்.

கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். தட்டுகளைத் தாண்டி மறுபுறம் போகிறவர் காய், அங்கிருந்து திரும்பி வருகிறவர் பழம். காயின் வழிக்கு முழுக்கோடும், பழத்தின் வழிக்குப் புள்ளிக்கோடும் போட்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சிவப்பும் பச்சையும் தேவையில்லை. கொக்கான் வெட்டுவதைக் கலர்ப் படமாக எடுத்தால் கல் மேலே நிற்கும் ஒரு கணம் மட்டுமே கிடைக்கும். கல்லை எறிந்த கை கீழே கிடப்பதை அள்ளிக்கொண்டு, விழும் கல்லை எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்ல நான்கு சிறிய கோட்டுப் படங்கள் வேண்டும். ஆடு புலி ஆட்டத்திலும் 3 புலி, 15 ஆடு என்ற பிரிவைக் காட்ட முக்கோணமும் வட்டமும் போதும். எமது விளையாட்டுகளில் பெரும்பாலானவை கரித்துண்டாலும் ஈர்க்குச்சியாலும் கீறப்பட்டவை. புளியங்கொட்டை, சோகி, சிப்பி, ஓட்டுத்துண்டு என்று கைக்கு அகப்பட்டதே காய். அந்தக் காய்க்கு இந்த நிறம்தான் என்று ஒருவரும் விதி வைக்கவில்லை.

நிறமே விதியாக இருக்கும் விளையாட்டுகளும் உலகில் உண்டு. ஸ்பெயினின் கஸ்தீல் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோவின் ஆணையால் 1283இல் செவில் நகரில் ஒரு விளையாட்டு நூல் எழுதி முடிக்கப்பட்டது. அரபு நூல்களிலிருந்து பெற்ற அறிவு அதில் நிறைய இருக்கிறது. தோல்தாளில் தீட்டிய ஏறத்தாழ 150 வண்ண ஓவியங்கள் அதில் உள்ளன. அதில் வரும் நான்கு பருவச் சதுரங்கத்தை நால்வர் ஆடுவர். இளவேனிலுக்குப் பச்சை, கோடைக்குச் சிவப்பு, இலையுதிர் காலத்துக்குக் கறுப்பு, குளிர்காலத்துக்கு வெள்ளை. அங்கே நிறத்தை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை. 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவும் அப்படித்தான். ஆனால் அல்போன்சோவின் நூல் ஓர் அரசனுக்காகக் கையால் செய்யப்பட்டது. அதைப் போட்டோக்கொப்பி எடுத்து அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

எமக்கு இருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஒரு பிரதி கிடைத்தால், தேவையான பக்கத்தை ஆசிரியர் போட்டோக்கொப்பி எடுத்துத்தான் பகிர்வார். கறுப்பு வெள்ளைக் கொப்பியில் மஞ்சள் மறைந்துபோகும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்புக் காய் இப்படி, பச்சைக் காய் அப்படி என்று எழுதிய விதி அந்தத் தாளில் செத்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உள்ள பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கறுப்புக் கோடோ எத்தனை முறை கொப்பி எடுத்தாலும் கோடாகவே நிற்கும்.

இனிக் கணக்கு. ஒப்செட் அச்சில் பெரிய தாளின் ஒரு புறத்தில் 8 பக்கம், மறுபுறத்தில் 8 பக்கம் என்று வைத்தால் ஒரு தாளில் 16 பக்கம் வரும். 64 பக்கத்துக்கு 4 தாள், அதாவது 8 முகங்கள். கறுப்பு மட்டும் என்றால் 8 பிளேட் போதும். கலர் என்றால் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று முகத்துக்கு 4 வேண்டும், மொத்தம் 32. நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் பிரதி அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். எனவே குறைந்த பிரதிகள் அடிக்கும் எம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது ஒவ்வொரு பிரதியின் மீதும் பாரமாக ஏறும். டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை. ஆனால் கலர்ப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

கலருக்குத் தடித்த, வழுவழுப்பான தாளும் வேண்டும். அந்தத் தாளில் பிள்ளை பென்சிலால் கீறிப் பார்க்க முடியாது. நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிக் கடல் கடந்து போக வேண்டிய நூலுக்கு இது சின்ன விடயமல்ல. தாளின் அருமையையும் நாம் அறிவோம். 2022 மார்ச்சில் தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

இப்படிச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொண்டுபோக முடிந்தது மிகக் கொஞ்சம். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதித் தமிழரிலும் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். விளையாட்டு விதிகளை யாரும் பொதியில் கட்டவில்லை. அவை அவர்களுடைய நினைவில்தான் போயின. புத்தளத்து முகாம்களிலும் வேறு இடங்களிலும் வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு அவை கிடைத்தன, பலருக்குக் கிடைக்கவில்லை. இப்போது அந்த விதிகளை முழுமையாகச் சொல்லக்கூடியவர்கள் எம் உம்மும்மாமார், அம்மம்மாமார் வயதினர். ஒரு விளையாட்டு அலுமாரியில் உயிரோடு இருக்காது. அதற்கு ஆட்கள் வேண்டும், குறைந்தது இருவராவது. அப்படியென்றால் அழகான கொஞ்சப் பிரதிகளா, எளிமையான நிறையப் பிரதிகளா என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

எங்கட ஊர் மட்டும் ஏன் கறுப்பு வெள்ளையில் என்ற தோழிக்கும் பதில் சொல்ல வேண்டும். எம் ஊரை மங்கலாகக் காட்டுவது கறுப்பு மையல்ல, அக்கறையில்லாத படம்தான். கலர்ப் படத்தை அப்படியே கறுப்பில் அடித்தால் அது சேறாகத்தான் தெரியும். படம் வரைய வரும் மாணவியர் முருகைக்கல் வேலியையும், அதன் நிழலில் குந்தியிருந்து கொக்கான் வெட்டும் பிள்ளையையும் கறுப்புக் கோட்டுக்கென்றே வரையட்டும். கோட்டுக்கும் அழகுண்டு. மருதோன்றி இட்ட கையைப் பார்த்து அதில் ஒரு நிறம்தானே இருக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். அட்டையை நல்ல கலரில் அடிப்போம். கடையில் பிள்ளையின் கண்ணை இழுக்க அது போதும். உள்ளே கோட்டுப் படங்கள். பின்னட்டையின் உட்புறத்தில் ஆடு புலிக் கட்டம், காய் வைத்து ஆடக்கூடிய அளவில். நாம் எடுத்த கலர்ப் படங்களையும் வீணாக்க வேண்டியதில்லை. நூலின் மின்பிரதியில் அவற்றைச் சேர்த்துத் தொலைபேசி வழியாக இலவசமாகப் பகிரலாம். அதில் கலருக்குத் தனிச் செலவில்லை. மிஞ்சும் பணத்துக்குக் கூடுதல் பிரதிகள் அடித்துத் தீவுப் பாடசாலைகளின் நூலகங்களுக்குக் கொடுக்கலாம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அதற்குள் பெற்றோர் ஓர் உதவி செய்யலாம். மாதிரிப் பக்கம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்து உங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். அந்தத் தாளைப் பார்த்து அவர் முற்றத்தில் கட்டம் கீறினால், உள்ளே கலர் வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தால் எமது படம் சரியில்லை என்று அர்த்தம். அப்போதும் மாற்ற வேண்டியது கோட்டைத்தான், மையை அல்ல.