நவரோஸுக்கு அம்மா யாரு?

போன மாசம் திருவள்ளூர் பக்கத்துல இருக்கற திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலுக்கு நண்பனோட போயிருந்தேன். பிரகாரத்துல பெரியவர் ஒருத்தர், சம்பந்தர் அந்த ஊருக்குப் பாடின பதிகத்தைப் பாடிக்கிட்டிருந்தார். இரண்டாம் திருமுறை, காந்தாரப் பண். இப்போ அதை நவரோஸ் ராகத்துல பாடறாங்க. நண்பன் ரெண்டு வருஷமா பாட்டு கத்துக்கறான். உடனே, "29-வது மேளம், சங்கராபரணத்தோட குழந்தைடா இது" என்றான்.

எனக்கு இந்த 'தாய் ராகம்' பேச்சே ஆகாது. 72 மேளகர்த்தா கணக்கு, 17-ஆம் நூற்றாண்டில் வெங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் போட்டது. மத்யமம் 2, ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6. பெருக்கினா 72. நம்ம பாஷையில மூணு ஃபார் லூப், அவ்ளோதான் :-) அதில் அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தது 19 தான். மிச்சமெல்லாம் காலிப் பெட்டி. சங்கராபரணம் அதுக்கு முன்னாடியே இருந்த ராகம். கடபயாதி கணக்குல 29 வரணுமேன்னு பின்னாடி 'தீர'ன்னு ஒரு ஒட்டு போட்டு 'தீரசங்கராபரணம்' ஆக்கினாங்க. பேரே நம்பருக்காக மாறின ஒருத்தரை எப்படி அம்மான்னு கூப்பிடறது?

ஸ்ரீராகத்தோட கதை இன்னும் மோசம். தீட்சிதர் பரம்பரையில 22-வது மேளமே ஸ்ரீராகம்தான். இன்னிக்குப் பாடப்புத்தகத்தைத் திறந்தா, கரஹரப்ரியாவோட ஜன்யம்னு போட்டிருக்கும். அட்டவணை மாறினதுல அம்மா மகளாயிட்டாங்க! பைரவியோ 20-வது பெட்டியில உட்கார்ந்துகிட்டு, அந்தப் பெட்டியில இல்லாத சதுச்ருதி தைவதத்தையும் எடுத்துக்கும்.

அட்டவணையே வேண்டாம்னு சொல்லலை. எந்தெந்த ஸ்வரம்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனா அதை முகவரின்னு சொல்லுங்க, தாய்னு சொல்லாதீங்க. தாய்னு சொன்னதும் கத்துக்கறவன், ஸ்கேல் கையில இருந்தா ராகமும் வந்துடும்னு நம்பிடறான்.

நம்ம ஆளும் அப்படித்தான். வெளியே டீக்கடையில "சங்கராபரணம் தெரியும்ல, இதுவும் வந்துடும்"னு ஆரம்பிச்சான். நவரோஸ் கீழ் பஞ்சமத்துல இருந்து நடு பஞ்சமம் வரைக்கும்தான் புழங்கும். இவன் ஜம்முன்னு மேல் ஷட்ஜம் வரைக்கும் போய் நின்னான். அங்கே நவரோஸுக்கு வேலையே இல்லை.

டீ ஆறினதுதான் மிச்சம். அடுத்த வாரம் திரும்பவும் அந்தப் பெரியவரைக் கேட்க, அவனே கூப்பிட்டிருக்கான்.