ஒரு தொப்பியும் பதினேழு தொகுதிகளும்



அண்மையில் ஆசிரியர் அறையில் குரோவாசியக் கவிஞர் தின் உயேவிச்சைப் பற்றிப் பேச்செடுத்தேன். ('தின்' என்றதும் நகைக்க வேண்டா, அகுஸ்தின் என்னும் பெயரின் சுருக்கம் அது.) உடனே இரண்டு கணைகள் பாய்ந்தன. "இணையத்தில் பார்த்தேன், பெருங்குடிகாரராமே! மாணவரிடம் சொல்லத் தகுமா?" என்றார் ஒருவர். "பாதி வாழ்நாள் மொழிபெயர்த்தவர்தானே? அதெல்லாம் இரவல் சரக்கு" என்றார் மற்றொருவர். அன்று வாய்மூடி இருந்துவிட்டேன். இன்று மறுக்கிறேன்.

முதற்கணைக்கு வருவோம். உயேவிச் மதுக்கடைகளிலும் காப்பிக்கடைகளிலும் காலம் கழித்தது உண்மை. நசுங்கிய தொப்பியோடு அவர் நிற்கும் நிழற்படமும் புகழ்பெற்றதே. ஆனால், அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்தது என்ன?

1891இல் டால்மேசியாவின் வர்கோராட்ஸ் ஊரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். ஸ்பிளிட் நகரில் பள்ளிக்கல்வி; பின்னர் சாக்ரெப்பில் மொழியும் இலக்கியமும் மெய்யியலும் பயின்றார். 1913 முதல் 1919 வரை பாரிசில் வறுமையில் வாடினார். அந்த வறுமையிலேதான் 'அடிமையின் ஓலம்' (1920), 'கழுத்தணி' (1926) ஆகிய தொகுப்புகளின் கவிதைகள் பலவும் உருவாயின. குரோவாசியக் கவிதையின் சிகரங்களுள் இவ்விரண்டும் வைத்து எண்ணப்படுகின்றன. இறந்தபின் 1963 முதல் 1967 வரை வெளிவந்த அவருடைய படைப்புகள் 17 தொகுதிகள்! போதையில் உருண்டு கிடப்பவன் 17 தொகுதிகள் எழுதுவானா? குடியைப் போற்றச் சொல்லவில்லை. அஃது அவரை வருத்திய குறையே. குறையை மட்டும் சொல்லி உழைப்பை மறைப்பது நேர்மையா என்றே கேட்கிறேன்.

இரண்டாம் கணை இதனினும் கொடியது. விட்மன், போ, பொதலேர், ரிம்போ, கான்ராட், புரூஸ்ட் என இவர் குரோவாசியத்திற்குக் கொணர்ந்தோர் பட்டியல் நீள்கிறது. சிறிய மொழி பேசும் மக்கள் தம் தாய்மொழியிலேயே உலகைப் படிக்கும் வாய்ப்பு இத்தகையோர் உழைப்பால் கிட்டுவது. இஃது இரவலா? கவிஞருக்கும் இதனால் இழப்பில்லை. இறுகிய யாப்பில் எழுதிய அதே கைதான் 1932இல் 'உலாவீதியில் மோட்டார் வண்டி' தொகுப்பில் நீண்ட, தளையற்ற அடிகளுக்கு மாறியது. விட்மனைச் சொல் சொல்லாக எடைபோட்டுப் பெயர்த்தவருக்கு அந்த ஓசை அயலானதா என்ன?

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். 1941 முதல் 1945 வரையிலான பாசிச ஆட்சியில், அரசுச் செய்தி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அதன்பொருட்டுப் போருக்குப் பின் சில ஆண்டுகள் நூல் வெளியிடத் தடை விதிக்கப்பட்டார். வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்று தள்ளிவிடுவதா, மன்னிக்கலாகாப் பிழை என்பதா? மேல்வகுப்பு மாணவரிடம் இக்கேள்வியைத் தாராளமாக வைக்கலாம். குடிக்கதையை விட நூறு மடங்கு பயனுள்ள கேள்வி அது. தடை நீங்கியபின் 1954இல் 'ஊற்றருகே தாகமுற்ற கல்' என்ற தொகுப்பைத் தந்துவிட்டு, 1955இல் சாக்ரெப்பில் மறைந்தார்.

நானும் குற்றவாளியே. புலவர் வாழ்க்கையில் சுவையான துணுக்குகளை மட்டும் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்த நாள்கள் எனக்கும் உண்டு. மணி அடித்ததும் மாணவர் நினைவில் துணுக்கு நின்றது, கவிதை நிற்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கவிஞரைப் பற்றிப் பேசினால், "அவர் எப்படி வாழ்ந்தார்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன எழுதினார்? எந்த மொழிகளைக் கற்றார்? யாரை மொழிபெயர்த்தார்?" என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே, மொழிபெயர்ப்புப் பயிற்சியை இரவல் வேலை என்று இகழாதீர்கள்.

மாற்றுக் கருத்துடையோர் மறுத்து எழுதலாம். வரவேற்கிறேன்.